அக்கரைக்கு ஓதப் போனவர்கள்

வெளிநாட்டுக்குப் போய்க் கொஞ்சக் காலம் படித்துவிட்டு ஊர் திரும்புவதை நம் காலத்துப் புதுமையாகப் பலரும் எண்ணுகிறார்கள். கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், இவற்றுக்கு நடுவே வயல்கள் சூழ்ந்த மாவடிப்பள்ளி என்று நீளும் கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மார்க்கக் கல்வியில் மேலே ஓத விரும்பிய இலங்கை முஸ்லிம் ஒருவருக்கு நெடுங்காலம் கண்ணில் பட்ட திசை அக்கரையில், தமிழகத்தின் காயல்பட்டினமும் கீழக்கரையும் வேலூரும்தான். காரணம் எளிது. இங்கே முறையான அரபுக் கல்லூரி இல்லை, அங்கே இருந்தது. அரபு நூலுக்குத் தமிழில் விளக்கம் சொல்லும் ஆசிரியர்களும், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் அச்சான கிதாபுகளும் இரு கரைக்கும் பொதுவாக இருந்தன. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கையில் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிவாசல்களும் மதரசாக்களும் அமையத் துணை நின்றார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1884இல், வெலிகமவில் பாரி அரபுக் கல்லூரி எழுந்தது. மதரசாவின் கல்வியாண்டு ஷவ்வாலில் தொடங்கி ஷஃபானில் முடியும். ரமழானில் ஊருக்குப் போய் வரலாம் என்ற ஏற்பாடு அந்தக் கணக்கிலேயே அடங்கியிருந்தது. திரும்பி வருவதும், வந்து ஓதிக் கொடுப்பதும் படிப்பின் ஒரு பகுதி. இந்த வழக்கத்தின் உயிர் அதில்தான் இருந்தது என்பது என் வாதம்.

பயணத்தில் கடல் பெரிய தடையாக இருக்கவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. இருபது மைலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வீட்டிலிருந்து தலைமன்னார் போய்ச் சேர்வதுதான் பாடு. மட்டக்களப்பு வாவிக்கு மேல் கல்லடிப் பாலம் வந்தது 1924இல். மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இல். அதன்பிறகும் மாகோவில் ஒரு வண்டி மாறி, மதவாச்சிக்குப் போய், அங்கிருந்து மன்னார்ப் பாதையைப் பிடிக்க வேண்டும். இன்றும் உள்ளூர்ப் பாதை இளகிவிடவில்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில், நிந்தவூர் மதரசாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் மாவடிப்பள்ளி வீதியில் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் பலர் மாண்டுபோனார்கள். ஓதப் போன பிள்ளைக்குக் கடலைவிடத் தன் ஊர் வெள்ளம் கொடியதாக இருக்கிறது. கல்விக்கான எல்லையைப் பற்றிப் பேசும் எவரும் இந்த வீதியையும் சேர்த்தே பேச வேண்டும்.

அது வெறும் மார்க்கக் கல்விதானே, இன்றைய சர்வதேசப் பயிற்சிநெறியோடு அதை எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். பக்கத்து ஊரைப் பார்த்தால் பதில் கிடைக்கும். காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பெற்று, அடுத்த ஆண்டே திரும்பிவந்து பள்ளிக்கூடங்களை நடத்தினார்; 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். சமயம் வேறு, பாடம் வேறு. ஆனால் போவதும் கற்பதும் திரும்பிவந்து நிறுவுவதும் ஒன்றுதான். பிறகு 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், கேம்பிரிட்ஜைக் கண்டு வந்தவர். இந்த ஊர்களில் திறமைக்குக் குறைவில்லை, பணத்துக்கே குறைவு என்று உணர்ந்து இங்கே ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடக்கினார்; 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் பிறந்தது. செலவைச் சமூகம் பொறுத்துக்கொண்டால் ஏழைப் பிள்ளையும் போகலாம் என்ற எண்ணம் அங்கே நிறுவனமானது. அந்தப் பழைய வழக்கத்தில் பெரியதொரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது: அக்கரைக்கு ஓதப் போனவர்கள் ஆண்கள். பெண்களுக்கு அந்தக் கப்பலில் இடமிருக்கவில்லை.

கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமான எல்லை பிந்தியே வந்தது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் அதை இறுக்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆனால் வேறொரு வாசல் அதற்குள் திறந்திருந்தது. 1950 ஜனவரியில் கொழும்பில் பேசி, 1951இல் தொடங்கிய கொழும்புத் திட்டமும், 1964 செப்டம்பரில் இந்தியா தொடங்கிய ஐடெக் திட்டமும் விமானச் சீட்டு, தங்குமிடம், கட்டணம் எல்லாம் தந்து சில வாரப் பயிற்சிக்கு ஆட்களை அழைத்தன. சில வாரத்தில் என்ன கற்க முடியும், சான்றிதழும் படங்களும்தானே மிச்சம் என்பார்கள். போனவர் திரும்பிவந்து சொல்லிக்கொடுக்க ஓர் இடம் இல்லாவிட்டால் அது உண்மைதான். ஆனால் ஏழாண்டு ஓதிய ஆலிமின் படிப்பும் ஊரில் ஒரு மதரசா இல்லாவிட்டால் அவரோடே போயிருக்கும். எனவே குறை காலத்தின் அளவில் இல்லை, யாரைச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. இந்த வாய்ப்புகள் பெரும்பாலும் அமைச்சுகள் வழியாக அரச அலுவலரைத்தான் சேர்கின்றன. மாவடிப்பள்ளியில் நெல் விளைவிப்பவரையும், ஓதிக் கொடுக்கும் மௌலவியையும், பாலர் பாடசாலை ஆசிரியையையும் எட்டுவதில்லை. அறிவித்தல் கல்முனையில் தமிழில் வர வேண்டும். தெரிவாகும் பெயர்களில் பெண்கள் பாதியாவது இருக்க வேண்டும். திரும்பி வருபவர் கற்பிக்க ஊரில் ஒரு வகுப்பறை காத்திருக்க வேண்டும்.