ஆடியும் ஜூலை இறுதியும்: பேர்லின் ஹெர்மான் சதுக்கப் பேரங்காடியும் கோடை மலிவு விற்பனையின் சட்ட வரலாறும்

1. முன்னுரை

தமிழர் வணிகம் பற்றிய வரலாற்றாய்வுகள் கடல் வாணிகத்தையும் வணிகக் குழுக்களையும் கடன் வலையமைப்புகளையும் விரிவாகப் பேசுகின்றன. கடைக்குள் துணி எந்த நாளில், எந்தக் காரணத்தால் விலை குறைந்து விற்கப்பட்டது என்ற வினா அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. விலைக்குறைப்பு வணிகர் விரும்பித் தரும் சலுகை என்ற பொதுக் கருத்தே இதற்குக் காரணமாகலாம். அக்கருத்து முழு உண்மையன்று. விலை எப்போது குறையலாம், எவ்வளவு குறையலாம், எப்பொருளுக்குக் குறையலாம் என்பவற்றை வழக்காறோ சட்டமோ தீர்மானித்த காலம் நீண்டது.

பேர்லின் மாநகரின் நொய்கெல்ன் பகுதியிலுள்ள ஹெர்மான் சதுக்கத்துக் கார்ஸ்டாட் பேரங்காடியை மையமாகக் கொண்டு, ஜேர்மனியின் கோடை மலிவு விற்பனை சட்டத்தால் வரையறுக்கப்பட்ட விதத்தையும், அவ்வரையறை 2004இல் நீக்கப்பட்டதன் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்நாட்டின் ஆடித் தள்ளுபடி இதனோடு ஒப்பிடப்படுகிறது. விலை குறையும் நாள் ஊரறிந்த பொது நாளாக இருந்தவரை அது ஒரு சமூக நிறுவனமாக இயங்கியது என்பதும், தனி நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டபின் அத்தன்மை தளர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. சதுக்கமும் அங்காடியும்

1912 வரை ரிக்ஸ்டோர்ஃப் என்று வழங்கிய ஊரே நொய்கெல்ன். 1920இல் உருவான பெரும்பேர்லினில் அது இணைந்தது. தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த அப்பகுதியின் வட எல்லையில் ஹெர்மான் சதுக்கம் அமைந்துள்ளது. சதுக்கம் நொய்கெல்னுக்கு உரியது. அதன் மேற்கு ஓரத்திலுள்ள அங்காடிக் கட்டடமோ குரொய்ற்ஸ்பேர்க் எல்லைக்குள் அடங்கும். எனினும் மக்கள் வழக்கில் அது நொய்கெல்னின் அங்காடியாகவே கருதப்பட்டு வந்துள்ளது.

கார்ஸ்டாட் நிறுவனத்தின் தொடக்கம் எளிமையானது. 1881இல் பால்டிக் கரையிலுள்ள விஸ்மார் நகரில் ருடோல்ஃப் கார்ஸ்டாட் ஒரு துணிக்கடையாக அதைத் தொடங்கினார். பேரம் பேசாத நிலையான விலை, கடன் இன்றி ரொக்க விற்பனை என்பன அவர் கடைப்பிடித்த விதிகள். வெர்ட்ஹைம், டீட்ஸ் ஆகிய குடும்பங்களும் அதே காலப்பகுதியில் இவ்வாறான கடைகளை நிறுவின. விலை எல்லோருக்கும் ஒன்றே என்றாகிய பின்னரே, விலைக்குறைப்பும் எல்லோருக்கும் ஒரே நாளில் அறிவிக்கத்தக்க செய்தியாகிறது. பேரம் நடக்கும் கடையில் ஒவ்வொரு விற்பனையும் ஒரு தள்ளுபடியே. ஆகவே அங்குத் தள்ளுபடி நாள் என்று தனியே ஒன்று இருக்க இயலாது.

ஹெர்மான் சதுக்க அங்காடி 1929 ஜூன் 21ஆம் நாள் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் பிலிப் ஷேஃபர் வடிவமைத்த அக்கட்டடம் 32 மீற்றர் உயரமும், அதன் மேலெழுந்த இரு கோபுரங்களால் 56 மீற்றர் உயரமும் கொண்டிருந்தது. பயன்பாட்டுப் பரப்பு ஏறத்தாழ 72,000 சதுர மீற்றர். சுரங்கத் தொடருந்து நிலையத்திலிருந்து நேரே கடைக்குள் நுழைய வழி இருந்தது. கூரைமேல் அமைந்த தோட்டமும் தேநீரகமும் பொருள் வாங்காதோரையும் ஈர்த்தன. திறப்பு விழா நடந்து சில மாதங்களிலேயே உலகப் பொருளாதார நெருக்கடி தொடங்கியது. வாங்கும் ஆற்றல் சுருங்கிய தொழிலாளர் குடியிருப்பின் நடுவே இத்தகைய மாளிகை நின்றது என்பதை நினைவிற்கொண்டால், மலிவு விற்பனை அங்கு ஏன் அரசியற் பொருளாயிற்று என்பது விளங்கும்.

3. விலைக்குறைப்பைச் சூழ்ந்த வேலி

பேரங்காடிகள் மீதான அச்சம் 1929க்கு முற்பட்டது. பல்வகைப் பொருள்களை விற்று ஆண்டுக்கு 400,000 மார்க்குக்கு மேல் விற்பனை செய்த கடைகள் மீது 1900இல் பிரஷ்ய அரசு தனி வரி விதித்தது. துணியை மட்டும் விற்பவர் ஒரு வகை, துணியோடு உணவையும் பாத்திரத்தையும் விற்பவர் வேறு வகை என்ற பாகுபாட்டின்மேல் அவ்வரி நின்றது. 1909ஆம் ஆண்டின் முறையற்ற போட்டித் தடுப்புச் சட்டம் மலிவு விற்பனைகளை ஒழுங்குபடுத்தியது. 'கடையை மூடுகிறோம்' என்று அறிவித்துவிட்டு மூடாமலே விற்பது, விற்பனைக்கெனவே புதிய சரக்கை மறைவாகக் கொண்டுவந்து சேர்ப்பது போன்ற ஏமாற்றுகளைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

சிறுவணிகரைக் காத்தல் என்ற இந்த நியாயமான கோரிக்கையோடு யூத வெறுப்பும் கலந்தது. பெரும் அங்காடிகளுட் பல யூதக் குடும்பங்களுக்கு உரியவையாக இருந்தன. 1920இல் வெளியான தேசிய சோசலிசக் கட்சியின் திட்டம், பேரங்காடிகளை உள்ளூராட்சி கையேற்றுச் சிறுவணிகர்க்குக் குறைந்த வாடகைக்கு விடவேண்டும் என்று கோரியது. 1933 ஏப்ரல் 1ஆம் நாள் யூதக் கடைகள் புறக்கணிப்புக்கு உள்ளாயின. யூதர் உடைமையாக இராத கார்ஸ்டாட் நிறுவனமும் தன் யூதப் பணியாளரை அவ்வேளையில் வெளியேற்றியது. அதே ஆண்டு நவம்பர் 25இல் பிறந்த கழிவுச் சட்டம், நுகர்வோருக்கு வழங்கும் ரொக்கக் கழிவை நூற்றுக்கு 3 என்ற அளவோடு நிறுத்தியது. ஆகவே வேலியின் வரலாறு முற்றிலும் போற்றத்தக்கதன்று. காத்த கையே விலக்கவும் செய்தது.

ஹெர்மான் சதுக்கக் கட்டடம் 1945 ஏப்ரல் இறுதியில், சோவியத் படை நெருங்கிய வேளையில், வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஸ்.எஸ். படையினர் அதைச் செய்தனர் என்பதே பரவலாகக் கூறப்படுவது. ஹாசன்ஹைட தெருப் பக்கத்தில் எஞ்சிய சிறு பகுதியைச் சார்ந்தே போருக்குப் பிந்திய அங்காடி எழுந்தது. கோபுரங்கள் மீளவில்லை, கழிவுச் சட்டமோ 2001 வரை நீடித்தது.

4. பன்னிரண்டு வேலைநாள்கள்

1950 ஜூலை 13ஆம் நாளைய ஆணை, கோடை, குளிர்காலப் பருவமுடிவு விற்பனைகளை மேற்கு ஜேர்மனிக்கு ஒழுங்குபடுத்தியது. 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி அவ்விதி போட்டிச் சட்டத்திலேயே இடம்பெற்றது. கோடை விற்பனை ஜூலை மாதத்தின் இறுதித் திங்களன்றும், குளிர்கால விற்பனை ஜனவரி மாதத்தின் இறுதித் திங்களன்றும் தொடங்கும். ஒவ்வொன்றும் பன்னிரண்டு வேலைநாள்கள் நடைபெறும். துணி, ஆடை, காலணி, தோற்பொருள், விளையாட்டுப் பொருள் ஆகியவற்றுக்கே அவ்விற்பனை உரியது. இவற்றுக்கு அப்பால் ஒரு நிறுவனம் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆண்டுவிழா விற்பனை நடத்தலாம்.

இப்பட்டியல் கூர்ந்து நோக்கத்தக்கது. முழக்கணக்கில் விற்கும் துணியும், படுக்கை விரிப்பும், சாளரத் திரையும் துணி என்ற சொல்லுக்குள் அடங்கின. மேசையும் நாற்காலியும் சமையற் பாத்திரமும் அடங்கவில்லை. அங்காடியின் ஒரு மாடியில் திரைச்சீலை பாதி விலைக்கு விற்கலாம். அத்திரையைத் தாங்கும் அறைகலன்களை அடுத்த மாடியில் அப்பெயரில் விலை குறைத்து விற்க இயலாது. பருவத்தோடு மதிப்பிழக்கும் பொருளுக்கே பருவமுடிவு விற்பனை என்பது சட்டத்தின் தருக்கம். ஜேர்மன் மொழியில் இதன் பெயரான 'சொமர்ஷ்லுஸ்ஃபெர்கௌஃப்' என்பதில் 'ஷ்லுஸ்' என்ற சொல் முடிவைக் குறிக்கும். மலிவு என்ற பொருள் அப்பெயரில் இல்லை.

5. ஆடி மாதம்

ஜூலை இறுதித் திங்கள் 25க்கும் 31க்கும் இடையே வரும். பன்னிரண்டு வேலைநாள்கள் கழியும்போது ஆகஸ்ட் 6க்கும் 12க்கும் இடைப்பட்ட ஒரு சனிக்கிழமை வந்துவிடும். ஆடி மாதம் ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை செல்வது. எனவே சட்டம் நிலைத்த காலம் முழுவதும் ஜேர்மனியின் கோடை விற்பனை ஆண்டுதோறும் முற்றாக ஆடி மாதத்துக்குள்ளேயே நடந்தது.

நாள் ஒன்றாயினும் காரணம் வேறு. தமிழ்நாட்டில் ஆடியில் திருமணம் நடத்தும் வழக்கம் இல்லை. திருமணமே பட்டுக்கும் துணிக்கும் முதன்மைச் சந்தை ஆதலால், வாங்குவோர் குறைந்த அம்மாதத்தில் கடைக்காரர் விலையைக் குறைத்துச் சரக்கை நகர்த்தினர். ஆவணியில் தொடங்கும் முகூர்த்தங்களுக்கும் அடுத்துவரும் தீபாவளிக்கும் புதுச் சரக்கு வாங்கப் பணமும் இடமும் வேண்டும். சென்னைத் தியாகராய நகரிலோ மதுரையிலோ ஆடியில் விற்கும் சேலை பருவம் கடந்த சேலையன்று. தையிலும் அதை உடுத்தலாம். பேர்லினில் பொருளின் காலம் முடிந்தது. தமிழ்நாட்டில் வாங்குவோரின் காலம் இன்னும் வரவில்லை. முன்னது முடிவு, பின்னது இடைவெளி. ஜனவரி இறுதியில் நடந்த குளிர்கால விற்பனை திருமணங்கள் மிகும் தை மாதத்தில் விழுவதும் இவ்வேறுபாட்டை உறுதிசெய்கிறது.

சொல்லும் இதற்குச் சான்றாகிறது. நீதிமன்றத்தில் வழக்குத் தள்ளுபடியாகும்; அரசு உழவர் கடனைத் தள்ளுபடி செய்யும்; கடையில் விலை தள்ளுபடியாகும். உரிமையுடையவர் தமக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுத்தல் என்ற பொருள் பின்னைய இரண்டிலும் தெளிவாக உள்ளது. ஈழத்தில் வழங்கும் 'கழிவு', 'மலிவு விற்பனை' ஆகிய சொற்களில் இக்கொடைப்பொருள் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆடி என்றதும் நினைவுக்கு வருபவை ஆடிப்பிறப்புக் கூழும் ஆடி அமாவாசையும்; துணிக்கடைத் தள்ளுபடியன்று.

6. நொய்கெல்னுக்கு வந்த தமிழர்

1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் இறுதித் திங்கள் 25ஆம் நாள். மேற்கு பேர்லின் உட்பட மேற்கு ஜேர்மனியில் கோடை விற்பனை தொடங்கிய அந்நாளில், கொழும்பில் தமிழர்க்கு எதிரான வன்செயல் உச்சத்தில் இருந்தது. எரிந்தவற்றுள் தமிழரின் துணிக்கடைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் அடங்கும். இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தமை தற்செயல். ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் அவ்விரு நகரங்களையும் ஒரு வழி இணைத்தது. கிழக்கு பேர்லினின் ஷேனஃபெல்ட் வானூர்தி நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையத்தின் ஊடாக மேற்கு பேர்லினுக்குள் நுழைந்த ஈழத்தமிழர் பலர். 1985இல் கிழக்கு ஜேர்மன் அரசு தமிழர்க்கு அவ்வழியை அடைத்தது.

புகலிடம் கோரியோர் தொழில் செய்ய அக்காலத்தில் தடை இருந்தது. 1987இல் அத்தடை ஐந்து ஆண்டுகளாக நீண்டது. 1993இல் வந்த சட்டம் உதவித்தொகையின் பெரும்பகுதியைப் பொருளாகவும் பற்றுச்சீட்டாகவும் மாற்றியது. வெப்ப நாட்டிலிருந்து வந்து, ஊதியம் ஈட்ட இயலாத ஒருவருக்குக் குளிர்கால மேலங்கி பெரும் செலவு. ஆண்டின் எந்தத் திங்களன்று அதன் விலை குறையும் என்பது சட்டத்தால் உறுதியாயிருந்தமை அவரைப் போன்றோருக்கு உண்மையான பயன் தந்தது. மொழி அறியாதவரும் நாட்காட்டியை எண்ணத் தெரிந்தால் அதற்கெனச் சேமிக்கலாம்.

அங்காடியின் ஒரு பக்கத்தில் உர்பான் தெருவும் மறுபக்கத்தில் ஹாசன்ஹைட தெருவும் செல்கின்றன. 1991இல் உர்பான் தெருவின் ஒரு நிலவறையில் தொடங்கிய தமிழர் முருக வழிபாடு, 2013இல் நொய்கெல்னின் பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. தமிழர் வழிபாடு நிலவறையிலிருந்து கோபுரத்துக்கு உயர்ந்த அதே காலத்திலேயே அங்காடி தன் நாட்காட்டியை இழந்தது.

7. வேலி நீங்கிய பின்

2001 ஜூலையில் கழிவுச் சட்டம் நீக்கப்பட்டது. 2002 ஜனவரியில், யூரோ நாணயம் அறிமுகமான நாள்களில், அட்டையால் பணம் செலுத்துவோருக்கு 20 விழுக்காடு கழிவு அறிவித்த சி அண்ட் ஏ நிறுவனத்தை நீதிமன்றம் தடுத்தது. கழிவின் அளவு கட்டற்றதாயினும் சிறப்பு விற்பனைக்கான விதி இன்னும் நடைமுறையில் இருந்தமையே காரணம். 2004 ஜூலை 8இல் நடைமுறைக்கு வந்த புதிய போட்டிச் சட்டம் அவ்விதியையும் நீக்கியது. ஆகவே 2003 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 9 வரை நடந்ததே சட்டத்தால் வரையறுக்கப்பட்ட இறுதிக் கோடை விற்பனை.

வணிகர் பலர் பழைய பெயரில் விற்பனையைத் தொடர்ந்தனர். ஆனால் நாள் பொதுவாக இல்லை. ஜூனிலேயே விலை குறைந்தது. இடையிடையே வேறு பெயர்களிலும் குறைந்தது. எப்போதும் குறைந்திருக்கும் விலையில் எது உண்மை விலை என்ற ஐயம் வாங்குவோருக்கு எழுவது இயல்பு.

பேரங்காடிகளின் பின்னைய வீழ்ச்சியை இந்நீக்கம் ஒன்றின்மேல் ஏற்றுவது பிழை. இணைய வணிகம், புறநகர் வணிக வளாகங்கள், உயர்ந்த வாடகை, உடைமை மாற்றங்கள் ஆகியன அதில் பங்குடையன. கௌஃப்ஹோஃப் நிறுவனத்தோடு இணைந்த கார்ஸ்டாட் 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளானது. ஹெர்மான் சதுக்கத்தில் 1929இன் முகப்பையும் கோபுரங்களையும் மீட்டெழுப்ப 2019இல் சிக்னா நிறுவனம் முன்வைத்த திட்டம், வாடகை உயரும் என்று அஞ்சிய குடியிருப்பாளரின் எதிர்ப்பைச் சந்தித்தது. 2023 இறுதியில் சிக்னாவே நொடித்தது. 1900இல் பேரங்காடி சிறுகடையை விழுங்கும் என்று மக்கள் அஞ்சினர். நூற்றாண்டு கழித்து, அப்பேரங்காடியும் அதன் நிலத்தின் விலையால் விழுங்கப்படும் என்ற அச்சம் எழுந்தது.

8. முடிவுரை

ஹெர்மான் சதுக்கத்தின் வரலாறு மூன்று செய்திகளைத் தருகிறது. முதலாவது, மலிவு விற்பனை என்பது விலையின் வரலாறு மட்டுமன்று, நாளின் வரலாறும் ஆகும். இரண்டாவது, அந்நாளைக் காக்கும் விதி சிறுவணிகர்க்கும் வறியோர்க்கும் துணைநின்றதுண்டு. அவ்விதி பிறந்த சூழலில் வெறுப்பும் பங்கு கொண்டது. ஒன்றைக் கூறி மற்றதை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. மூன்றாவது, சட்டம் வகுத்த நாள் ஒரு சட்டத்தால் மறையும். வழக்காறு வகுத்த நாள் மறைய நீண்ட காலம் எடுக்கும். எந்தச் சட்டத்தாலும் வகுக்கப்படாத ஆடித் தள்ளுபடி இன்றும் நிலைப்பது, திருமணங்களுக்கான நாட்காட்டி நிலைப்பதால்.

அந்நாட்காட்டியும் தளருமாயின் ஆடித் தள்ளுபடி என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் ஆராயப்பட வேண்டிய வினா. கணக்குப் பேரேடுகளும் நாளிதழ் விளம்பரங்களும் அதற்குரிய மூலங்கள். அவை பழைய தாளாக எடைக்குப் போகுமுன் தொகுக்கப்பட வேண்டும்.