பல்லுள்ளக ஒளியிழைகளும் ஒளிச் சுவிட்சுகளும்

பல்லுள்ளக ஒளியிழை என்பது ஒரே கண்ணாடி இழைக்குள் பல உள்ளகங்களைக் கொண்ட ஒளியிழை ஆகும். வழக்கமான தொலைத்தொடர்பு இழையின் விட்டம் உறையுடன் சேர்த்து 125 மைக்ரோமீட்டர். அதன் நடுவே ஒளி செல்லும் உள்ளகம் ஒன்றுதான். பல்லுள்ளக இழையில் ஒவ்வோர் உள்ளகமும் ஒரு பாதை. பாதையில் வரும் ஒளியை மின்குறிகையாக மாற்றாமல், ஒளியாகவே வேண்டிய திசைக்குத் திருப்பிவிடும் கருவி ஒளிச் சுவிட்ச், அதாவது ஒளி நிலைமாற்றி. இவ்விரண்டின் வரலாறும் தனித்தனியே தொடங்கி, 2010-களில்தான் ஒன்றாக இணைந்தது.

கண்ணாடி இழை வழியே தொலைதூரச் செய்தி அனுப்பலாம் என்று சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்காமும் 1966-இல் எழுதினர். அதற்குப் போதுமான தெளிவுள்ள இழையை அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1970-இல் உருவாக்கியது. ஒன்பதே ஆண்டுகளில், 1979-இல், ஜப்பானின் ஃபுருகாவா எலக்ட்ரிக் ஆய்வாளர்கள் பல்லுள்ளக இழையைப் பற்றி அறிவித்துவிட்டனர். ஆனால் அன்று அது யாருக்கும் தேவைப்படவில்லை. ஓர் உள்ளகத்தின் கொள்ளளவே தீராமல் கிடந்தது. 1987-இல் எர்பியம் கலந்த இழைப் பெருக்கியும், 1990-களில் ஒரே உள்ளகத்தில் பல அலைநீளங்களை அனுப்பும் முறையும் வந்தபின் அந்தக் கொள்ளளவு இன்னும் பெருகியது. பல்லுள்ளக யோசனை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓரமாகவே இருந்தது.

இடையில் வேறொரு நெருக்கடி வந்தது. ஒவ்வொரு சந்திப்பு நிலையத்திலும் ஒளியை மின்குறிகையாக்கி, வழி பார்த்து, மீண்டும் ஒளியாக்கி அனுப்பினர். அலைநீளங்கள் பெருகப் பெருக இந்த மாற்றுக் கருவிகளின் செலவும் பெருகியது. எனவே 2000-ஐ ஒட்டி ஒளிச் சுவிட்சுக்காகப் பெரும் போட்டி நடந்தது. லூசென்ட் நிறுவனம் 1999-இல் அறிவித்த லாம்டா ரவுட்டர், நுண்கண்ணாடிகளைச் சாய்த்து 256 வாயில்களுக்கிடையே ஒளியைத் திருப்பியது. கண்ணாடிச் சுவிட்ச் செய்துவந்த எக்ஸ்ராஸ் என்ற சிறு நிறுவனத்தை 325 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக நார்ட்டெல் 2000-இல் அறிவித்தது. அதே ஆண்டு அஜிலென்ட் காட்டிய கருவி இவற்றைவிட விந்தையானது. ஒன்றையொன்று வெட்டும் ஒளிப்பாதைகளின் சந்திகளில், பாதையின் அதே ஒளிவிலகல் எண் கொண்ட திரவம் நிரப்பப்பட்டிருக்கும். ஒளி நேரே கடந்துவிடும். இங்க்ஜெட் அச்சுப்பொறியில் போலத் திரவத்தைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கினால், முழு அக எதிரொளிப்பால் ஒளி மறுபாதைக்குத் திரும்பிவிடும்.

இந்த அலை விரைவில் ஓய்ந்தது. தொலைத்தொடர்புத் துறை சரிந்தது. 2002-இல் லூசென்ட் தன் கருவியைக் கைவிட்டது. சந்தைச் சரிவை மட்டும் குறை சொல்வது சரியாகாது என்று தோன்றுகிறது. ஒரு நிலையத்திலிருந்து இழைகள் செல்லும் திசைகள் பெரும்பாலும் சிலவே. அங்கே தேவைப்பட்டது, எந்த அலைநீளம் எத்திசையில் போக வேண்டும் என்று பிரித்துவிடும் சிறிய கருவி. அலைநீளத் தேர்வுச் சுவிட்ச் எனப்படும் அக்கருவிதான் நிலைத்தது. சிட்னியின் எங்கானா நிறுவனம் இதைத் திரவப் படிகச் சில்லுகளைக் கொண்டு செய்தது. அவ்வகை இன்றும் பரவலாக உள்ளது.

பின்னர் ஓர் உள்ளகத்தின் எல்லை கண்ணுக்குத் தெரிந்தது. ஒளியின் திறனைக் கூட்டினால் கண்ணாடியே குறிகையைத் திரிக்கும். எனவே ஓர் உள்ளகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 100 டெராபிட்டுக்கு மேல் கடினம் எனக் கணிக்கப்பட்டது. ஜப்பானின் தேசியத் தகவல் தொடர்புத் தொழில்நுட்பக் கழகம் பழைய பல்லுள்ளக யோசனையை மீண்டும் கையில் எடுத்தது. 2011-இல் 7 உள்ளக இழையில் 109 டெராபிட் சென்றது. 2012-இல் என்.டி.டி. குழுவினர் 12 உள்ளக இழையில் 52.4 கிலோமீட்டருக்கு 1 பெட்டாபிட் அனுப்பினர்.

இத்தனை ஒளியும் நிலையத்தை அடைந்தபின் என்ன செய்வது? பழைய முறைப்படி ஒவ்வோர் உள்ளகத்துக்கும் ஓர் அலைநீளத் தேர்வுச் சுவிட்ச் வைத்தால், நான்கு திசை நிலையத்தில் 4 இருந்த இடத்தில் 28 வேண்டும். இழையில் மிச்சமான செலவு சுவிட்சில் போய்விடும். அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. ஆய்வகத்தின் மார்க் ஃபியூயர், லின் நெல்சன் குழுவினர் 2013-இல் ஒரு வழி காட்டினர். ஒரே சுவிட்சின் 21 வாயில்களை 7 உள்வாயில், 14 வெளிவாயில் எனப் பிரித்து, ஏழு உள்ளகங்களின் ஒளியையும் ஒன்றாகவே திருப்பினர். கருவி ஒன்று போதும். ஆனால் ஏழும் ஒரே திசையில்தான் போகும். உள்ளகங்கள் மிக நெருங்கி அமைந்து குறிகைகள் தமக்குள் கலக்கும் இழைகளில் இது கட்டாயமும்கூட. கலந்ததை ஏற்பியில் கணினி பிரிக்க வேண்டுமெனில் எல்லாம் ஒன்றாக வந்து சேர வேண்டும்.

உள்ளகங்கள் விலகி இருந்தால் இன்னொரு வழி உண்டு. ககாவா பல்கலைக்கழகத்தின் மசாஹிகோ ஜின்னோ குழுவினர் உருவாக்கிய உள்ளகத் தேர்வுச் சுவிட்ச், அலைநீளங்களைப் பிரிக்காமல் முழு உள்ளகத்தையே வழி மாற்றுகிறது. வழியில் இறங்க வேண்டாத ஒளிக்கு வீண் இழப்பு குறைவு.

இதை வடிவமைப்போருக்கு வரும் தலைவலி, இழையின் சுழற்சி. ஒற்றை உள்ளக இழையைத் திருகினாலும் உள்ளகம் நடுவிலேயே இருக்கும். மையத்திலிருந்து 40 மைக்ரோமீட்டர் தள்ளியிருக்கும் உள்ளகமோ, இழை 5 பாகை திரும்பினால் 3.5 மைக்ரோமீட்டர் நகர்ந்துவிடும். ஒளிப்பொட்டின் அகலமே சுமார் 10 மைக்ரோமீட்டர். மூன்றில் ஒரு பங்கு விலகினாலே இழப்பு பெரிது. ஆகவே ஒவ்வொரு வாயிலையும் நிலையில் மட்டுமின்றிக் கோணத்திலும் பொருத்த வேண்டும்.

2019-இல் ஜப்பானியக் கழகம் 1 பெட்டாபிட் ஒளியைத் திருப்பும் சோதனை நிலையத்தைக் காட்டியது. அதே ஆண்டில் இத்தாலியின் லாக்குய்லா நகரில், 2009 நிலநடுக்கத்துக்குப் பின் கட்டப்பட்ட நிலத்தடிச் சுரங்கத்தில் பல்லுள்ளக இழைகள் ஆய்வுக்காகப் பதிக்கப்பட்டன. தைவான், பிலிப்பைன்சு, அமெரிக்கா இடையிலான கடலடி வடத்தில் இரண்டு உள்ளக இழையைப் பயன்படுத்துவதாக 2023-இல் கூகுளும் என்.இ.சி.யும் அறிவித்தன. லூசென்ட் கைவிட்ட நுண்கண்ணாடிச் சுவிட்ச் வகையும் மறைந்துவிடவில்லை. 136 வாயில் கொண்ட ஒன்றைக் கூகுள் தன் தரவு மையங்களுக்காகத் தானே வடிவமைத்துப் பயன்படுத்துகிறது. அங்கே இணைக்க வேண்டிய இழைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன.