இடிமேகம் அடித்த காலிங்பெல்

காந்தம் கிடையாது, காயில் கிடையாது, பேட்டரியும் கிடையாது. ஆனா மின்சாரத்தால ஒரு குண்டு ஓயாம ஆடுது, மணி அடிக்குது. வோல்டா பேட்டரி செஞ்சது 1800-ல், ஃபாரடே மின்சாரத்தால கம்பியைச் சுத்த வெச்சது 1821-ல். நான் சொல்ற மணி இந்த ரெண்டுக்கும் முன்னாடியே அடிக்க ஆரம்பிச்சிடுச்சு.

1740-களில் ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகர்ல பேராசிரியரா இருந்தவர் ஆண்ட்ரூ கார்டன். ஸ்காட்லாந்துக்காரர், கிறிஸ்தவத் துறவி. அவர் செஞ்சது ரொம்ப சிம்பிள். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மணி. ஒண்ணுக்கு சார்ஜ், இன்னொண்ணுக்கு எர்த். நடுவில் பட்டுநூலில் ஒரு உலோகக் குண்டு. சார்ஜ் உள்ள மணி குண்டை இழுக்கும். தொட்டதும் குண்டுக்கும் அதே சார்ஜ் வந்துடும், உடனே விலக்கித் தள்ளும். குண்டு எதிர் மணியில போய் மோதி சார்ஜை இறக்கி வெச்சுட்டு மறுபடி திரும்பும். டிங்... டிங்... டிங்... மூட்டை தூக்குற கூலி மாதிரி, ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் சார்ஜ்!

கார்டன் கையில் இது வேடிக்கைப் பொருள். இதை வேலைக்கு வெச்சவர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். 1752 செப்டம்பரில், பிலடெல்ஃபியாவில் தன் வீட்டுக் கூரை மேல இரும்புக் கம்பி நட்டு, அதிலிருந்து வயரை மாடிப்படி வழியா இறக்கினார். படுக்கையறை வாசலுக்கு எதிரே வயரை ரெண்டா வெட்டி, ஆறு அங்குல இடைவெளியில் ரெண்டு மணி, நடுவில் பித்தளைக் குண்டு. கீழ்முனை மண்ணுக்குள் போகும். மேகம் சார்ஜோட வந்தா மணி அடிக்கும். நம்ம பாஷையில் சொன்னா, அலெர்ட் சிஸ்டம் :-)

மணி அடிச்சதும் ஒரு லெய்டன் ஜாடியில மேகத்து சார்ஜைப் பிடிப்பார். இன்னொரு ஜாடியை, தேய்ச்ச கண்ணாடியிலிருந்து சார்ஜ் பண்ணுவார். ரெண்டுக்கும் நடுவில் ஒரு தக்கைக் குண்டைத் தொங்கவிடுவார். ரெண்டும் ஒரே வகைன்னா குண்டு போய் வந்து ஆடாது. 1753 ஏப்ரலில் அது ஜோரா ஆடிச்சு! அப்போ மேகத்தில் இருந்தது எதிர் வகை. இடிமேகங்கள் பெரும்பாலும் நெகட்டிவ்னு அவர் எழுதினது இப்படித்தான். மேகத்தோட அடிப்பாகத்தைப் பொறுத்தவரை இன்னைக்கும் அது சரிதான்.

அதே வருஷம் ஆகஸ்ட் 6. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கேயார்க் ரிக்மன் என்ற விஞ்ஞானியும் வீட்டுக்குள்ள கம்பியை இறக்கி, இடிமேகத்தை அளக்கக் காத்திருந்தார். அவரோட கம்பி மண்ணோட சேரலை. கம்பியிலிருந்து பாய்ஞ்ச மின்னல் நெற்றியில் தாக்கி அங்கேயே இறந்தார். கூட இருந்தவர் பிழைச்சுக்கிட்டார்.

வித்தியாசம் எங்கேன்னு பாருங்க. ஃப்ராங்க்ளின் வீட்டில் மின்னல் ஆறு அங்குலம் தாவினா போதும், பூமிக்கு வழி தயார். ரிக்மன் வீட்டில் அந்த வழி, பக்கத்தில் நின்ன மனுஷன்.

வருஷங்கள் கழிச்சு ஃப்ராங்க்ளின் லண்டனில் இருந்தப்போ, வீட்டில் இருந்த மனைவி டெபோராவுக்கு இந்த மணிச்சத்தம் பயமா இருந்துச்சு. 1758-ல் அவர் எழுதின பதில்: ரெண்டு மணியையும் ஒரு வயரால இணைச்சுடு, சத்தமில்லாம கீழே போயிடும். சத்தமும் நின்னுது, வழியும் நேராச்சு. அதுக்கப்புறம் அது முழு இடிதாங்கி!

வீட்டில் செஞ்சு பார்க்க ஆசையா? ரெண்டு காலி கூல்டிரிங்க்ஸ் டின், நடுவில் ஒரு விரல் இடைவெளி. மூடியில் இருக்கிற வளையத்தை நூலில் கட்டி, மேலே குறுக்கா வெச்ச பேனாவிலிருந்து தொங்கவிடுங்க. ஒரு டின்னைத் தெர்மாகோல் மேல வைங்க, இன்னொண்ணை விரலால தொட்டுக்கோங்க. பிவிசி பைப்பைக் கம்பளித் துணியில் நல்லாத் தேய்ச்சு, தெர்மாகோல் டின் மேல உரசுங்க. வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனா சார்ஜ் துளியூண்டு. அதனால ஆபத்தில்லை. ஐப்பசி மழையில் மட்டும் முயற்சி பண்ணாதீங்க, ஈரத்தில் சார்ஜ் கசிஞ்சுடும்.

மொட்டை மாடிக் கம்பியோட மட்டும் இதை இணைச்சுடாதீங்க மக்களே. ரிக்மன் ஒருத்தர் போதும்.