பத்து வயது மாட்டின் கறி

பிராமன் என்று ஒரு மாட்டினம் இருக்கிறது. அமெரிக்காவில் வளர்க்கிறார்கள், வெட்டித் தின்பதற்காக. 1924இல் டெக்சாஸில் தொடங்கிய வளர்ப்போர் சங்கம் சூட்டிய பெயர் அது. இந்தியாவிலிருந்து போன திமில் மாடுகளின் கலப்புதான் அந்த இனம்: குஜராத்தின் காங்கிரேஜும் கிர்ரும், கிருஷ்ணா ஆற்றுப் படுகையின் மாடும், ஆந்திரத்தின் ஓங்கோலும் அதில் கலந்திருக்கின்றன. பெயரைக் கேட்டதும் நம் தோழர்கள் சிரித்துவிடுவார்கள். சிரிப்பு அடங்கியதும் மேலே படியுங்கள். நம் சட்டியில் வேகும் கறியின் வரலாறும் இந்த மாட்டோடு ஒட்டித்தான் வருகிறது.

அதே ஓங்கோல் மாடு 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலுக்கும் கப்பலேறியது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரின் பெயரால் அங்கே அதற்கு 'நெலோர்' என்று பெயர். இன்று பிரேசிலின் கறி மாடுகளில் பெரும்பகுதி நெலோர் இரத்தம் கொண்டவை. வெயிலைத் தாங்கும், உண்ணிக்கு அசையாது, காய்ந்த புல்லைத் தின்றும் பிழைக்கும். உலகச் சந்தைக்கு மாட்டிறைச்சி அனுப்பும் நாடுகளில் பிரேசில் முன்வரிசையில் நிற்பதற்கு நம் பக்கத்து மாடு ஒரு காரணம். இங்கே 'நாட்டு மாட்டைக் காப்போம்' என்று மேடையேறுகிறவர்கள் இந்தக் கதையை மட்டும் சொல்வதில்லை.

ஆனால் வெளிநாட்டுக் கறிச் சந்தையில் திமில் மாட்டுக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. கறி முரடு என்பார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளே சென்டர் என்ற ஊரில் அரசின் இறைச்சி மாட்டு ஆய்வு மையம் இருக்கிறது. பல இனங்களைக் கலந்து வளர்த்து, வெட்டி, வேகவைத்து, வெந்த கறியை அறுக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று கருவி வைத்துப் பல ஆண்டுகள் அங்கே அளந்தார்கள். திமில் மாட்டின் பங்கு கூடக் கூடக் கறியின் மென்மை குறைந்தது. அதற்கான காரணத்தை 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தசைப் புரதங்களில் கண்டார்கள்.

அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஆக்டின், மயோசின் என்ற இரண்டு புரத இழைகள் தசைக்குள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்வதால்தான் மாடு நடக்கிறது, ஏர் இழுக்கிறது. வெட்டிய சில மணி நேரத்தில் தசையின் ஆற்றல் தீர்ந்து, இரண்டு இழைகளும் பூட்டிக்கொள்கின்றன. உடல் விறைப்பது இதனால்தான். விறைத்த நேரத்தில் சமைத்தால் எந்த இனத்துக் கறியும் முரடாகத்தான் இருக்கும். குளிரில் தொங்கவிட்டால் கால்பெயின் என்ற நொதி வேலை செய்கிறது. ஆக்டின் மயோசின் பூட்டை அது தொடுவதில்லை. இழைகளை வரிசையாக நிறுத்திவைக்கும் டைட்டின், நெபுலின், டெஸ்மின் போன்ற தாங்கு புரதங்களை நறுக்குகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் கறி இளகிவிடுகிறது. இந்த நொதிக்குக் கடிவாளம் போடும் இன்னொரு புரதமும் தசையில் இருக்கிறது. அதன் பெயர் கால்பாஸ்டாட்டின். திமில் மாட்டில் இந்தக் கடிவாளம் அதிகம் என்பதுதான் கண்டுபிடிப்பு. ஆஸ்திரேலியாவில் கறியைத் தரம் பிரிக்கும்போது திமிலின் உயரத்தையே அளந்து கணக்கில் சேர்க்கிறார்கள்.

ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறான மாடும் உண்டு. பெல்ஜியன் ப்ளூ என்ற இனத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், உடம்பெல்லாம் தசை பிதுங்கி நிற்கும். தசை வளர்ச்சிக்கு வேலி போடும் மயோஸ்டாட்டின் என்ற புரதத்தின் மரபணு அதில் பழுதாகியிருப்பதை 1997இல் கண்டறிந்தார்கள். கறி கூடுதல், இணைப்புத் திசு குறைவு, அதனால் மென்மை. வெள்ளைக்காரன் அந்த மாட்டைத் தட்டுக்காகப் பொறுக்கி வளர்த்தான். காங்கேயமும் உம்பளச்சேரியும் பர்கூர் மலை மாடும் ஏருக்கும் வண்டிக்கும் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. நம் ஊரில் கறிக்கென்று எவரும் மாடு வளர்க்கவில்லை.

'பார்த்தீர்களா, இனம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது' என்று யாராவது கிளம்பலாம். பிறப்பைச் சொல்லி அடங்கச் சொல்வது நமக்குப் பழகிய குரல்தானே. கிளே சென்டரின் ஆய்வு அவர்களுக்கு உதவாது. ஒரே இனத்துக்குள் மாட்டுக்கு மாடு இருக்கும் மரபு வேறுபாடு, இனத்துக்கும் இனத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்குச் சற்றும் குறைந்ததல்ல என்பதையும் அங்கே கண்டார்கள். தவிர, நம் தட்டுக்கு வரும் கறியின் முரட்டுத்தனத்தில் கால்பாஸ்டாட்டினின் பங்கு சிறியது. பெரிய பங்கைச் சட்டப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? மாடு 10 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அடிபட்டோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் வெட்டலாம். பசுவையும் கிடாரியையும் வெட்டக் கூடாது என்று 1976இல் அரசாணையும் வந்தது. அதே 1958இல் முகமது ஹனிஃப் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். பசுவதைத் தடை முழுமையாகச் செல்லும், உழைக்க முடியாமல் போன காளையையும் எருதையும் வெட்டக் கூடாது என்பது மட்டும் செல்லாது. 2005இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தச் சின்ன இடைவெளியையும் மூடி, குஜராத் அரசின் முழுத் தடை செல்லும் என்றது.

இப்போது சட்டத்தையும் தசையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தசை இழைகளைக் கட்டிவைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். இளங்கன்றில் அதன் கட்டுகள் தளர்வானவை, சூடு பட்டதும் கரைந்துவிடும். வயது ஏற ஏறக் கட்டுகள் ஒன்றோடொன்று இறுகி, லேசான சூட்டுக்கு இளகாத கயிறாகிவிடுகின்றன. அமெரிக்காவில் கறி மாட்டை இரண்டு வயதை ஒட்டி வெட்டிவிடுகிறார்கள். இங்கே ஆண்டையின் நிலத்தில் பத்து வருஷம் உழுது, பாரம் இழுத்து, கொலாஜன் முற்றிய பிறகுதான் அது நமக்குக் கறியாகலாம். பலம் எல்லாம் நிலக்காரருக்கு, மிச்சம் சேரிக்கு. மாட்டுக்கறி ரப்பர் மாதிரி இருக்கிறது என்று விடுதியில் கேலி பேசுகிறவர்களிடம் அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்தது பயணம். உயிருள்ள தசையின் பி.எச். அளவு 7ஐ ஒட்டியிருக்கும். வெட்டியபின் தசையில் சேமித்த கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாக மாறி அது 5.5 அளவுக்கு இறங்குகிறது. நல்ல நிறமும் கெடாமல் நிற்கும் தன்மையும் அந்த அமிலத்தால் வருபவை. பட்டினியாக, தண்ணீர் இல்லாமல், மிரண்டுபோய் நெடுந்தூரம் வரும் மாட்டின் கிளைக்கோஜன் வழியிலேயே தீர்ந்துவிடும். அமிலம் சுரக்காது. கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளாவுக்கு லாரியில் போகும் மாடுகளை எண்ணிப் பாருங்கள். பசுக் காவலர்களுக்குப் பயந்து இரவில், சுற்று வழியில், நிறுத்தாமல் ஓட்டுகிற ஓட்டுநரையும் எண்ணிப் பாருங்கள். 2017 மே மாதம் ஒன்றிய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகள், வெட்டுவதற்காகச் சந்தையில் மாடு விற்பதையே தடுத்தன. மதுரைக் கிளை ஒரே வாரத்தில் இடைக்காலத் தடை போட்டது. ஆனாலும் மாட்டு வண்டியை மறித்துப் பணம் பறிப்பவனுக்கு அந்த விதி கொடுத்த தைரியம் போய்விடவில்லை.

செத்த மாட்டின் கறியையும் இங்கே சொல்லியாக வேண்டும். நோயில் கிடந்து செத்த மாட்டில் கிளைக்கோஜன் மிஞ்சாது, இரத்தமும் வடியாது, கிருமி பெருகும். அதைத் தூக்குவதும் உரிப்பதும் தின்பதும் நம்மீது சுமத்தப்பட்டவை. அண்ணல் அம்பேத்கர் 1927 மகாட் மாநாட்டில் அதை விட்டொழியுங்கள் என்றார். 1948இல் எழுதிய 'தீண்டப்படாதவர்கள்' நூலில், சிதறடிக்கப்பட்ட மக்களின் மாட்டுக்கறி உணவைத் தீண்டாமையின் தோற்றத்தோடு இணைத்தார். இளைய தோழர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகாடில் அவர் விடச் சொன்னது ஊர் எறிந்த பிணத்தை. அதைக் காட்டி நம்மை மரக்கறிக்குத் திருப்பப் பார்க்கிறவர்கள் அந்த நூலைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட கறியைத்தான் நம் ஆயாக்கள் உணவாக்கினார்கள். குளிர்பெட்டியில் இரண்டு வாரம் தொங்கவிடும் வசதி அவர்களுக்கு இல்லை, அதனால் கால்பெயினுக்கு நேரமும் இல்லை. மணிக்கணக்கில் தண்ணீரில் கொதிக்கவிட்டார்கள். முற்றிய கொலாஜனும் கடைசியில் ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்குக் கெட்டி கொடுத்தது. பப்பாளிக்காயை அரிந்து போட்டார்கள், அதன் பப்பெயின் நொதி கால்பெயின் செய்யாததைச் செய்தது. கொத்துக்கறியாக்கி இழையைக் குறுக்கே வெட்டினார்கள். மிஞ்சியதை வார்வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்தார்கள். ஈரம் போனபின் கிருமிக்கு அங்கே வேலையில்லை. கொடியில் தொங்கும் அந்த உப்புக்கண்டத்தைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்கள், இன்று நட்சத்திர ஓட்டலில் பதப்படுத்திய இறைச்சிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றபோது எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள், ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. தின்னும் உரிமைக்காக நாம் இப்படிப் பலமுறை நின்றிருக்கிறோம். நல்ல கறிக்கான உரிமையை இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. 10 வயது விதி எதற்கு? தண்ணீரும் நிழலும் கொடுத்து மாட்டை ஏற்றிவர பாதுகாப்பான வழி ஏன் இல்லை? ஏற்றுமதிக்குப் போகும் எருமைக் கறிக்கு நவீனக் கூடமும் குளிர்பதனமும் கிடைக்கின்றன. உள்ளூரில் நாம் வாங்கும் கறிக்கு ஓட்டைக் கூரைத் தொட்டிதானா?

கால்நடை மருத்துவம் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்க் கடையில் வாங்கிய கறியின் பி.எச். அளவைக் குறித்து வையுங்கள். மாட்டின் வயது, எந்த ஊர்ச் சந்தை, எத்தனை மணி நேரப் பயணம் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு அதன் பக்கத்தில் எழுதுங்கள். முப்பது கடை சேர்ந்தால், அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு நகராட்சி ஆணையரைப் போய்ப் பார்க்கலாம்.