பிளீடரும் பிளீஸும்

வக்கீலைப் 'பிளீடர்' என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கும், பணிவோடு நாம் சொல்லும் 'பிளீஸ்' என்பதற்கும் வேர் ஒன்றே என்றால் வியப்பாக இல்லையா?

லத்தீனில் 'பிளாக்கேரே' என்றால் உவப்பாதல். அதில் பிறந்த 'பிளாக்கிட்டும்' என்பதற்கு 'உவந்தது' என்று பொருள். அவைக்கு உவந்ததே முடிவு அல்லவா? ஆகவே அச்சொல் தீர்ப்பையும், பின் பிரெஞ்சு வழியாக வழக்கையும் குறித்தது. 1215-ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா, பொது வழக்குகள் மன்னரின் பின்னே அலையாமல் ஓரிடத்தில் நடக்கட்டும் என்றபோது எழுதிய சொல்லும் இதுவே. கெஞ்சல் என்னும் பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

தன் வழக்கில் பேசப்படுவது தனக்கே புரியாமல் நின்ற ஆங்கிலக் குடியானவனுக்காக, வாதம் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும் என்று 1362-இல் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தை எழுதியது பிரெஞ்சில்!