பழைய தளபாடமும் பழுதுபார்க்கும் பண்பும்

கதிரை, மேசை, அலுமாரி என்னும் சொற்கள் இலங்கைத் தமிழர் இல்லங்களில் அன்றாடம் வழங்குவன. இவை மூன்றும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. மேசையின் இழுப்பறையைக் குறிக்கும் லாச்சி என்னும் சொல்லோ ஒல்லாந்தர் வழியாக வந்தது. 1505ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைவதற்கு முன், பாயும் திண்ணையும் பெட்டகமுமே பொதுமக்களின் இல்லத் தேவைகளைப் பெரும்பாலும் நிறைவேற்றின. சொற்கள் வந்த வழியே புதிய பொருள்களின் அமைப்பும் வந்தது. ஆயினும், அப்பொருள்களுக்கு மரம் அளித்த காடுகள் இந்நாட்டின் காடுகளே; அவற்றை உருவாக்கியவருட் பெரும்பாலோர் இந்நாட்டுத் தச்சரே. பழைய தளபாடம் ஒன்றைப் புதுப்பிப்பதா, அன்றி அதை அகற்றிப் புதியதொன்றை வாங்குவதா என்னும் வினா, இவ்வரலாற்றை அறிந்தார்க்கு வெறும் சிக்கனம் பற்றிய வினாவாக அமைவதில்லை.

ஒல்லாந்தர் 1640இற் காலியையும், 1656இற் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். 1796இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை கரையோரப் பகுதிகள் அவர்கள் ஆட்சியில் இருந்தன. அக்காலத்தில் ஐரோப்பிய வடிவங்களும் கீழைத்தேயச் செதுக்கு வேலையும் ஒன்றுகலந்து, தனித்தன்மை வாய்ந்த தளபாடக் கலையொன்று தோன்றியது. வெப்பம் மிகுந்த நாட்டிற்கு ஏற்பக் காற்றுப் புகும்படி பிரம்பு பின்னிய இருக்கைகள் எழுந்தன. வட்டமான இருக்கையும் வளைந்த முதுகுச் சட்டமும் பல கால்களும் உடைய ‘பர்கோமாஸ்டர்’ கதிரை அக்காலத்துப் புகழ்பெற்ற வடிவங்களுள் ஒன்று. 1757இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்ட கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்திற் பேணப்பட்டு வந்துள்ள செதுக்குக் கதிரைகள், அக்காலக் கைவினையின் உயர்வுக்குச் சான்று பகர்வன.

மரங்களின் வளமே இக்கலைக்கு அடிப்படையாயிற்று. உலர்வலயக் காடுகள் நீரில் அமிழும் கருங்காலியையும், பொன்னிறமாய் ஒளிரும் முதிரையையும் அளித்தன. பலாமரம் அறுத்தபோது மஞ்சளாகத் தோன்றி, ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாக மாறும் இயல்பினது. இவற்றுக்கெல்லாம் மேலாக மதிக்கப்பெற்றது, சிங்களத்திற் கலுமெதிரிய எனவும், ஆங்கிலேயரால் கலமாண்டர் எனவும் வழங்கப்பட்ட மரமாகும். பழுப்பு நிறத்திடையே கருவரிகள் ஓடும் இம்மரம் ஈரவலயக் காடுகளில் வளர்வது, இலங்கைக்கே உரியது.

அத்தகைய மரத்திற்கு நேர்ந்த கதி வருந்தத்தக்கது. 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலில் இதனைக் குறித்துள்ளார். முதலில் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் மறுநடுகையைப் பற்றிக் கருதாது வெட்டித் தள்ளியமையால், அம்மரம் அவர் காலத்திலேயே கிடைத்தற்கரியதாயிற்று. ஆகவே, கலமாண்டராற் செய்த பழைய பெட்டியொன்று விறகாகுமாயின், அதற்கு ஈடாக வேறொன்றை எவ்வளவு பொருள் கொடுத்தும் செய்வித்தல் அரிது. எளிய பலாமரத்திற்கும் ஓரளவு இஃது பொருந்தும். பலாவைத் தறித்தலைக் கட்டுப்படுத்த 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றவேண்டி நேர்ந்தது. உறுதியான பலகை தரத்தக்க மரம் முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆடும் கதிரையைச் செப்பஞ் செய்யவோ சில நாட்கள் போதும்.

செப்பஞ் செய்வதற்கு இடங்கொடுக்கும் முறையிலேயே அக்காலத் தச்சர் தம் வேலையை அமைத்தனர். ஒரு சட்டத்திற் துளை குடைந்து, மற்றச் சட்டத்தின் நுனியை அதற்கேற்பச் செதுக்கிச் செலுத்தி, மர ஆணியால் இறுக்கினர். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சிப் பெறும் வச்சிரம் வெம்மையும் ஈரமும் பட்டால் இளகும், ஆறினால் இறுகும். ஆதலின், வச்சிரமிட்டு ஒட்டிய மூட்டை மரம் பிளவாதபடி கழற்றி மீண்டும் பொருத்தலாம். அரக்கை மதுசாரத்திற் கரைத்துப் பூசிய மெருகும், மதுசாரம் பட்டால் மீண்டும் கரைந்து புதுப்பிக்க இடந்தரும். அறுந்த பிரம்பைக் களைந்து புதிதாகப் பின்னலாம். மரத்தூளையும் சிராய்களையும் பிசினிட்டு அழுத்திச் செய்யப்படும் இக்காலப் பலகைகளோ இத்தகையன அல்ல. அவை நீர் பட்டால் ஊதிப் பழைய நிலைக்குத் திரும்பமாட்டா. திருகாணி ஒருமுறை கழன்ற இடத்தில் மீண்டும் உறுதியாகப் பிடிப்பதும் அரிது. விலை மலிவாகத் தோன்றும் பொருள் சில ஆண்டுகளுள் மறுபடியும் வாங்கப்பட வேண்டியதாகின், அம்மலிவு மலிவாகாது.

பழைய பொருளைப் பேணுவதால் அறிவும் பேணப்படுகின்றது. 18ஆம் நூற்றாண்டில் ஒறேஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு, செதுக்கு வேலை நிறைந்த கருங்காலிக் கதிரைகளை வாங்கித் தமது ‘ஸ்ட்றோபெரி ஹில்’ மாளிகையில் வைத்தார். அவை இங்கிலாந்தின் தூடர் மன்னர் காலத்தவை என்பது அவர் கருத்து. 17ஆம் நூற்றாண்டிற் சோழமண்டலக் கரையிற் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை அவை என்பதைப் பிற்கால ஆராய்ச்சி தெளிவாக்கியது. கதிரைகள் அழிந்திருப்பின், அப்பிழையைத் திருத்துவதற்குச் சான்றும் இருந்திராது; தமிழ்நாட்டுக் கரையின் கைவினைக்குரிய பெருமையும் மறைந்தே போயிருக்கும்.

எனினும், புதுப்பித்தல் என்னும் பெயரால் அழித்தலும் நிகழ்வதுண்டு. மரத்தை ஆழமாகத் தேய்த்து வெளுப்பாக்கினால், காலம் அளித்த நிறமும் பழைய உளியின் தடமும் ஒருங்கே நீங்கும். தளர்ந்த மூட்டில் இரும்பாணி அறைந்தால், மரம் பிளக்கும். ஆணி துருவேறி மரத்தையும் கறைப்படுத்தும். தேவையான அளவிற்கு மட்டும் கைவைத்து, எஞ்சியதை இருந்தபடியே விடுவதே தேர்ந்த தச்சரின் நெறி. கறையான் உள்ளீட்டை முற்றாக உண்டுவிட்ட பொருளைக் காப்பது இயலாதெனினும், அதன் நல்ல சட்டங்களை வேறொன்றைச் செப்பஞ் செய்யப் பயன்படுத்தலாம்.

கொழும்புக் கோட்டைக்கு அருகே, புறக்கோட்டைப் பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் காலத்து மனையொன்று, பழுதுபார்க்கப்பட்டு 1982இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அதன் அறைகளில் அக்காலத் தளபாடங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆயினும், எல்லாப் பழைய பொருள்களுக்கும் நூதனசாலையில் இடமில்லை. பெரும்பாலானவை இல்லங்களிலேயே உள்ளன. பாட்டனார் அமர்ந்த சாய்மனைக் கதிரையின் பிரம்பு அறுந்தவிடத்து, அதனைக் கொல்லைப்புறத்தில் இடுவதா, பின்னுவாரிடம் அனுப்புவதா என்று முடிவு செய்வோர் அவ்வில்லத்தாரே. பின்னுவாரிடம் அனுப்பும் இல்லத்தார், காட்டில் ஒரு மரத்தையும் ஊரில் ஒரு தொழிலையும் காப்பவராவர்.