ஸ்கந்தபுரம்: வன்னிக் கமத்தில் ஆய்வின் பங்கு

ஸ்கந்தபுரம், கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரதேச செயலர் பிரிவில் அக்கராயனை அடுத்துள்ள கமக்காரக் கிராமம். ஒக்ரோபரில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழையோடு காலபோகம் விதைக்கப்படுகிறது. சிறுபோகத்தின் அளவைக் குளத்தில் மிஞ்சும் தண்ணீர்தான் முடிவுசெய்கிறது. வயல் வைத்திருப்பவரே மாடும் வைத்திருப்பார். வயலின் வைக்கோல் பட்டிக்குப் போகும். பட்டியின் எரு வயலுக்கு வரும். அதனால் பயிருக்கும் கால்நடைக்கும் சுற்றாடலுக்கும் உரிய ஆய்வை இங்கே ஒரே விடயமாகப் பார்ப்பதே பொருத்தம்.

வன்னியின் ஆய்வு நிலையங்களையும் போர் பாதித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சிக்கென்றே தொடங்கப்பட்டது. போரால் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்து, பின்னர் கிளிநொச்சியின் அறிவியல் நகருக்குத் திரும்பியது. ஜப்பானின் மானியத்தில் அங்கு ஆய்வு, பயிற்சித் தொகுதி அமைந்தது. விவசாயத் திணைக்களத்தின் நெல் ஆய்வு நிலையம் பரந்தனில் இருக்கிறது. கால்நடை நோய்களுக்கான தேசிய ஆய்வுகூடம் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம்.

நெல்லில் கமக்காரர் மிகவும் அஞ்சுவது அறக்கொட்டியை. நூல்கள் இதைக் கபிலநிறத் தத்தி என்கின்றன. நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்த்தால் பயிர் பச்சையாகவே தெரியும். சில நாளில் வயலின் நடுவே வட்டமாகக் கருகிவிடும். முட்டையிலிருந்து முதிர்ந்த பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதமே ஆவதால், ஒரே போகத்தில் பல தலைமுறை பெருகும். யூரியாவை அளவுக்கு மேல் இட்ட செழிப்பான, நெருக்கமான பயிரையே அது விரும்பும். பயிர் இளசாக இருக்கும்போது அடிக்கும் பரந்த வீச்சுள்ள பூச்சிநாசினி, தத்தியைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப் பூச்சிகளையும் முதலில் கொன்றுவிடுகிறது. காவல் போன வயலில் அறக்கொட்டி முன்னிலும் வேகமாகப் பெருகும். ஆசிய நாடுகள் பலவற்றில் 1970களிலிருந்து உறுதிப்பட்ட உண்மை இது. மருந்தை ஒத்திப்போடச் சொல்லும் விவசாயப் போதனாசிரியரின் பேச்சில் நியாயம் இருக்கிறது.

அறக்கொட்டிக்கு எதிர்ப்புச் சக்தியைத் தேடியவர்களுக்குக் கைகொடுத்தது இலங்கையின் பழைய நெல்தான். ‘ரத்து ஹீனட்டி’ என்னும் உள்ளூர் இனத்தில் கண்டறியப்பட்ட எதிர்ப்பு மரபணுக்களைப் பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் புதிய இனங்களில் சேர்த்தது. உவர் தாங்கும் ‘ஏ.ரி. 354’ என்ற இலங்கை இனத்தின் பெற்றோரில் ஒன்று கேரளத்துப் பழைய நெல்லான பொக்காளி. பூநகரிப் பக்கத்து மொட்டைக்கறுப்பன் போன்ற நெல்லைப் பழையதென்று கைவிடலாகாது என்பதற்கு இவை போதிய சான்று.

விதையைப் போலவே பசளையிலும் ஆய்வு தேவை. 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் விலக்கிக்கொண்டது. அடுத்த காலபோகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் சரிந்தது. சேதனப் பசளை தேவைதான். மண்ணைப் பரிசோதித்து, படிப்படியாக மாற்றியிருக்க வேண்டியதை ஒரே அறிவித்தலில் செய்தது பெரும் பிழை.

கால்நடைக்கும் புதிய நோய் வந்தது. 1929 இல் ஆபிரிக்காவின் சாம்பியாவில் முதலில் அறியப்பட்ட தோல் கழலை நோய், 2019 இல் இந்தியாவுக்கும் 2020 இல் இலங்கையின் வடக்குக்கும் எட்டியது. காய்ச்சல், உடலெங்கும் கட்டிகள், பால் வற்றுதல் ஆகியவை அறிகுறிகள். கடிக்கும் ஈக்களும் நுளம்புகளும் உண்ணிகளும் நோயைப் பரப்புகின்றன. ஆட்டம்மை வைரசுக்கு நெருங்கிய உறவான வைரசு இது. ஆதலால் ஆட்டம்மைத் தடுப்பூசியையும் இந்தியாவில் மாடுகளுக்குப் போட்டார்கள். பட்டியில் புகை போடுவது நம்மவரின் பழைய வழக்கம். பூச்சியை விலக்கும் அளவில் அது உதவும், தடுப்பூசிக்கு ஈடாகாது.

தீவன ஆய்வு இன்னும் எளிமையானது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நூறு லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் இரண்டு, மூன்று வாரம் மூடிவைத்தால், வைக்கோல் மென்மையாகிச் செரிமானம் கூடும், புரதச் சத்தும் ஏறும். 1980களில் இலங்கையிலேயே விரிவாகச் சோதிக்கப்பட்ட முறை இது. கரைசலை மாடு குடிக்க விடக்கூடாது, யூரியா நஞ்சாகும். கோயம்புத்தூரில் உருவான ‘கோ-3’ புல்லும் இலங்கைப் பண்ணைகளில் பரவலாக வளர்கிறது.

ஆனால் காலபோகம் விதைத்ததும் பட்டி மாடுகளுக்கு ஊரில் இடமில்லை. வயலுக்குள் போனால் பயிரழிவு. காட்டுக்குள் போனால் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல். வைக்கோலும் நட்ட புல்லும் சில மாடுகளுக்குப் போதும், நூறு மாட்டுப் பட்டிக்குப் போதாது. வன்னியில் மேய்ச்சல் தரைகளை அளந்து, எல்லையிட்டு, சட்டப்படி ஒதுக்கித் தரவேண்டும்.